வெள்ளைக் கட்டத்தில் உட்கார்ந்தவன்

ஹிதோயோஷி ஊரில் உரகாவா போட்டோ ஸ்டூடியோவைத் தெரியாதவர்கள் கிடையாது. பள்ளிக்கூட அடையாள அட்டை, இருபது வயது நிறைந்த பெண்கள் கிமோனோ உடுத்திக்கொண்டு எடுக்கும் படம், டிரைவிங் லைசென்ஸ், கடைசியில் சாவு வீட்டில் கறுப்பு நாடா கட்டி வைக்கிற படம் என்று இந்த ஊரில் பிறந்தவனின் முகம் எப்படியும் அந்தக் கடை வழியாகப் போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் கடையை நடத்துகிற யசுமாசா பிறப்பால் உரகாவா இல்லை. வீட்டோடு மாப்பிள்ளை. மாமனாருக்கு ஒரே மகள். கடையின் பெயர் அழிந்துபோகக் கூடாது என்று அவர் பிடிவாதமாக இருந்தார். அதனால் கல்யாணப் பதிவின்போது யசுமாசா தன் குடும்பப் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு மனைவியின் பெயரை மாட்டிக்கொண்டான். மாமனார் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இன்றைக்கும் கடையில் ஒரு நாற்காலியை நகர்த்தினால் போதும், பெரியவர் இருந்தபோது இது அந்தப் பக்கம் அல்லவா இருந்தது என்று கேட்க ஊரில் ஆள் இருக்கிறது. யசுமாசாவும் மறு பேச்சுப் பேசாமல் நாற்காலியைப் பழைய இடத்திலேயே போட்டுவிடுவான்.

மனைவி சிசுரு போலீஸ்காரி. போக்குவரத்துப் பிரிவு என்பது பெயருக்குத்தான். உண்மையில் அவள் மாவட்டப் போலீசின் கெண்டோ அணிக்காரி. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் மூங்கில் வாளும் இரும்புக் கம்பி முகமூடியுமாக ஆடுவது, இடையில் மேசையில் உட்கார்ந்து விபத்து அறிக்கை எழுதுவது. இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே கெண்டோ குழு. அவள் கடைசி வருடம் படித்தபோது இவன் முதல் வருடம். முதல் வருடத்துப் பையன்களுக்கு வாள் கிடைக்கிறதோ இல்லையோ, தரை துடைக்கிற துணி நிச்சயம் கிடைக்கும். இவன் மண்டியிட்டுத் தரை துடைத்துக்கொண்டே அவள் ஆட்டத்தைப் பார்த்தவன். அன்றைக்கு அவளை "சீனியர்" என்று கூப்பிட ஆரம்பித்தது கல்யாணத்துக்கு அப்புறமும் நிற்கவில்லை. காய்கறிக் கடையில் நின்றுகொண்டு, "சீனியர், முள்ளங்கி வாங்கட்டுமா?" என்று கேட்பான். கடைக்காரம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவள் இவனை நீ என்பாள், இவன் அவளை நீங்கள் என்பான். ஊருக்கு அது வேடிக்கை, அவர்களுக்கு அது பழக்கம்.

அவனும் ஆடினவன்தான். இருபது வயதில் இடது குதிகாலின் மேல்நரம்பு அறுந்தது. கெண்டோவில் அந்தக் காலை வைத்துத்தான் எல்லாம் நடக்கும். வைத்தியர் தைத்துக் கொடுத்தார், நடக்க வைத்தார், ஆனால் பாய விடவில்லை. கல்யாணமாகி வந்த கடையில் கேமரா இருந்தது, கையில் அதை எடுத்தான். மாவட்டக் கெண்டோ சங்கத்துச் செயலாளர் நோஜிரி ஆண்டு மலருக்கு நாலு படம் வேண்டும் என்று கேட்கப்போக, அன்றிலிருந்து ஆடுகளத்து ஓரத்தில் உட்கார்ந்து எடுக்கிற ஆள் இவன் ஒருவன்தான் என்று ஆகிவிட்டது.

அந்த உட்காருகிற இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். களத்தின் மூலையில் தரையில் வெள்ளை நாடா ஒட்டி ஒரு சின்னக் கட்டம். ஆள் சம்மணம் போட்டால் முழங்கால் இரண்டும் நாடாவைத் தொடும். ஆட்டம் நடக்கும்போது எழுந்திருக்கக் கூடாது, நகரக் கூடாது. ஒன்றுக்கு வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். பிளாஷ் விளக்கு அடிக்கக் கூடாது. தடதடவென்று தொடர்ந்து எடுக்கவும் கூடாது, ஆடுபவர்களின் கவனம் கெடுகிறதாம். ஒரு தடவை அழுத்தினால் ஒரே ஒரு படம். மற்ற படக்காரர்கள் எல்லாம் மாடியில் நீள லென்ஸை வைத்துக்கொண்டு சௌகரியமாக இருப்பார்கள். இவன் மட்டும் கீழே, அந்தக் கட்டத்துக்குள்.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்காதீர்கள். எதிராளியின் தலையில் வாள் விழுவது கண் சிமிட்டுகிற நேரம்கூட இல்லை. பார்த்துவிட்டு அழுத்தினால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கடந்து போன முதுகுதான் படத்தில் இருக்கும். அடிக்கு முன்னாலேயே அழுத்த வேண்டும். அழுத்தினவுடன் டக் என்று கேமராவுக்குள் கண்ணாடி மேலே போய்விடும், பார்க்கிற துளை இருண்டுவிடும், அவனுடைய பழைய கேமராவில் படம் விழுவது அதற்கும் ஒரு கணம் கழித்துத்தான். ஆகவே படத்தில் விழுகிற கணத்தை எடுக்கிறவன் பார்ப்பதே இல்லை. யாராவது "ஆகா, பார்த்தேன்" என்றால் அவனுக்குப் படம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். யசுமாசா இத்தனை வருடம் சிசுருவின் அடிகளைப் படமாக எடுத்திருக்கிறான், ஒன்றையும் பார்த்ததில்லை.

மற்ற ஆட்டக்காரர்கள் என்றால் இவனுக்கும் தவறும். பாதிக்கு மேல் தவறும். சிசுரு என்றால் தவறவே தவறாது. தரை துடைத்த காலத்தில் அவன் கண் இருந்த உயரத்தில் அவள் பாதம்தானே இருந்தது? எப்போதும் தரையிலிருந்து தூக்கியே நிற்கிற இடது குதிகால், அடிப்பது என்று அவள் முடிவு செய்ததும் ஒரு மயிரிழை இறங்கும். வாள் அசையாது, தோள் அசையாது. அந்த மயிரிழை இறங்கும்போது இவன் விரலும் இறங்கும். டக். படத்தில் வாள் எதிராளியின் முகமூடியில் வளைந்து நிற்கும். நோஜிரி அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, உனக்கு முதுகிலும் கண் இருக்கிறதப்பா என்பார். யசுமாசா குதிகால் விஷயத்தை யாரிடமும் மூச்சு விட்டதில்லை. அவளிடம்கூட இல்லை. சொன்னால் அவள் குதிகாலையே நினைத்துக்கொண்டு ஆட்டத்தைக் கெடுத்துக்கொள்வாள் என்று பயம். இன்னொன்றும் உண்டு. கடையில் இருக்கும்போது அவன் பெரியவரின் மருமகன், ஸ்டேஷன் வாசலில் நின்றால் சிசுருவின் புருஷன். அந்த நாடாக் கட்டத்துக்குள் மட்டும்தான் அவன் அவனாக இருந்தான். அந்த ரகசியம் அவனுடைய சொத்து.

யத்சுஷிரோ ஊரில் இமமுரா ரிட்சுகோ என்று ஒரு உடற்பயிற்சி ஆசிரியை. குள்ளமான உருவம், சிரித்த முகம். தேசியப் போட்டிக்கு மாவட்டத்திலிருந்து ஒரே ஒரு பெண்தான் போக முடியும். மூன்று வருடமாக இறுதி ஆட்டத்தில் சிசுருவை வீழ்த்திவிட்டுப் போனவள் இந்த ரிட்சுகோதான். மூன்று தடவையும் ஒரே மாதிரி அடி. சிசுரு பாய்வதற்குக் கையைத் தூக்குகிற அந்த நொடியில் ரிட்சுகோவின் வாள் மணிக்கட்டில் வந்து விழும். வேடிக்கை என்னவென்றால், போலீஸ் கூடத்தில் இரண்டு பேரும் பயிற்சிக்கு ஆடும்போது ரிட்சுகோவால் அந்த அடியைப் போடவே முடியாது. சிசுரு அவளைத் துவைத்து எடுப்பாள்.

பெரிய ஆட்டம் என்றால் உரகாவாவுக்குக் கை நடுங்குகிறது என்று சங்கத்தில் பேச்சுப் பரவிற்று. மூன்றாம் வருடம் அவளே அதை நம்பத் தொடங்கினாள். தோற்ற அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்தவள் தண்ணீர் ஆறிப்போகும்வரை எழுந்திருக்கவில்லை. இந்த வருடம் விட்டால் இல்லை. அடுத்த வசந்தத்தில் அணியிலிருந்து அவளுக்கு ஓய்வு. வயது ஆகிவிட்டது, இளம் பெண்கள் வந்துவிட்டார்கள். அப்புறம் நாள் முழுக்க விபத்து அறிக்கைதான். தேசியப் போட்டியின் தரையில் ஒரு தடவையாவது நிற்க வேண்டும் என்பதைத் தவிர அவள் வாழ்க்கையில் வேறு எதையும் ஆசைப்பட்டுக் கேட்டதாக யசுமாசாவுக்கு நினைவில்லை.

மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் போட்டி நடந்தது. கூடத்துக்குள் புழுக்கம் தாங்கவில்லை. சிசுரு யாரையும் விட்டுவைக்காமல் இறுதி ஆட்டத்துக்கு வந்து நின்றாள். முதுகில் சிவப்பு நாடா. எதிரே வெள்ளை நாடாவோடு ரிட்சுகோ. மூன்று நடுவர்கள், ஆளுக்கு ஒரு சிவப்புக் கொடி, ஒரு வெள்ளைக் கொடி. யசுமாசா கட்டத்துக்குள் சம்மணம் போட்டான். களத்துக்குள் நுழையும் முன் அவள் இவன் பக்கம் குனிந்து, "நல்ல படமா எடு" என்றாள். எப்போதும் சொல்வதுதான்.

கெண்டோவில் ஆட்டக்காரர்கள் கத்துவார்கள், ஆனால் பார்க்கிறவர்கள் கத்தக் கூடாது. கைதட்டலாம், அவ்வளவுதான். இரண்டு பேரும் கத்தி ஓய்ந்து, வாள் நுனிகள் உரசிக்கொண்டு நிற்கும்போது கூடத்தில் ஒரு அமைதி விழும். ஊசி விழுந்தால் கேட்கும். சிசுருவின் குதிகால் இறங்கியது. டக். "கோத்தே!" என்று, அடிக்கிற இடத்தின் பெயரைக் கூவிக்கொண்டு, ரிட்சுகோவின் குரல். மூன்று வெள்ளைக் கொடிகள் எழுந்தன. மணிக்கட்டில் அதே அடி.

அவன் கேமராவின் பின்பக்கத் திரையைப் பார்த்தான். பார்க்காமல் இருந்திருந்தால் அவன் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும். படத்தில் சிசுருவின் பாதம் தரையில் இருந்தது, வாள் இன்னும் எழவில்லை. அதற்குள் ரிட்சுகோவின் வாள் நுனி மணிக்கட்டை நோக்கித் திரும்பியிருந்தது. எதைப் பார்த்துத் திரும்பினாள்? பார்க்க ஒன்றுமே இல்லையே. சிசுரு எதையும் காட்டவில்லை. குதிகால் தொளதொளத்த உடைக்குள் மறைந்திருக்கும், எதிரே நிற்கிறவளுக்குத் தெரியாது. சிசுருவின் அடிக்கு முன்னால் அந்தக் கூடத்தில் நடந்தது ஒன்றே ஒன்றுதான்.

யசுமாசா தன் கையைப் பார்த்தான். கேமராச் சத்தம். அவன் விரல். சிசுரு அடிக்கப் போகிறாள் என்று உலகத்திலேயே முதலில் தெரிந்துகொள்கிறவன் அவன். தெரிந்துகொண்டதை அந்த அமைதியில் டக் என்று ஊருக்கெல்லாம் அறிவித்துக்கொண்டிருந்திருக்கிறான். மூன்று வருடம். போலீஸ் கூடத்துப் பயிற்சிக்கு அவன் கேமராவோடு போனதில்லை என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

முதலில் இரண்டு அடி போடுகிறவருக்குத்தான் ஜெயம், ஆகவே இரண்டாவது சுற்றுக்கு நடுவர் குரல் கொடுத்தார். இரண்டு பேரும் தள்ளித் தள்ளி நின்றார்கள், வாள் எட்டாத தூரம், அடி விழ வழியே இல்லை. ஆண்டு மலரின் அட்டைக்கு இருவரும் எதிரெதிரே நிற்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்று நோஜிரி காலையிலேயே சொல்லியிருந்தார். யசுமாசா அழுத்தினான். நோஜிரிக்காக அழுத்தினானா, தன் சந்தேகத்துக்காக அழுத்தினானா என்று கேட்டால் அவனுக்கே பதில் தெரியாது. டக் என்றதும் ரிட்சுகோவின் கைகள் தாமாக மணிக்கட்டு அடிக்குத் துள்ளின. எதிரே சிசுரு அசையவே இல்லை. துள்ளின கைகள் வெறும் காற்றில் நின்றன. சிசுரு ஒரு நொடி திகைத்துவிட்டு, பாய்ந்து உள்ளே புகுந்து, திறந்து கிடந்த விலாவில் வாளை வீசிவிட்டுக் கடந்து போனாள். சிவப்புக் கொடிகள் எழுந்தன. சமம்.

மாடியில் கைதட்டல். யசுமாசா கைதட்டவில்லை. சந்தேகம் தீர்ந்தது, அதோடு அவன் தலையில் பெரிய பாறாங்கல்லும் வந்து உட்கார்ந்தது.

நேரம் முடிந்தது. கெண்டோவில் சமமாக முடிந்தால் நீட்டிப்பு, ஒருவர் ஒரு அடி போடும்வரை. அதற்குக் கால வரையறை இல்லை. சாயங்காலம்வரை போனாலும் போகும். அதுவரை யசுமாசா கட்டத்தை விட்டு எழ முடியாது. எழுந்து ஓடிப்போய்த் தெருவில் நின்றால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தான். முழங்கால்கள் நாடாவைத் தொட்டுக்கொண்டிருந்தன.

விரல் பொத்தான் மேல் இருந்தது. உண்மையாக அழுத்தினால் அவள் தோற்பாள். பொய்யாக இன்னொரு தடவை அழுத்தினால் ரிட்சுகோ துள்ளுவாள், சிசுரு அடிப்பாள், தேசியப் போட்டிக்குப் போவாள். ஈ காக்கைக்கும் தெரியாது. படக்காரன் படம் எடுத்தான், யார் என்ன கேட்பார்கள்? அந்த ஆசை அவனைப் பிடித்து உலுக்கியது. அவளுக்கு வேண்டியதைக் கொடுக்க அவன் கையில் இருந்தது இந்த ஒரு விரல்தான். ஆனால் மூன்று வருடத் தோல்வியும் இந்த விரல், இன்றைய வெற்றியும் இந்த விரல் என்றால் அவள் இத்தனை காலம் ஆடினது எதற்கு? அவன் விரலை எடுத்தான். இனிப் படமே எடுக்க மாட்டேன், நியாயமாக ஆடட்டும் என்று முடிவு செய்தான். முடிவு செய்ததும் நெஞ்சு கொஞ்சம் லேசாயிற்று.

அங்கேதான் அடுத்த இடி இறங்கியது. சிசுருவின் குதிகால் மயிரிழை இறங்கியது. அவன் அழுத்தவில்லை. அவள் பாயவில்லை. குதிகால் அப்படியே நின்றது, பிறகு மெல்ல மேலே ஏறிக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இறங்கியது. நின்றது. ஏறியது. மூன்றாவது தடவையும் அதே கதை. யசுமாசா அந்தப் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தயாராகிறாள், எதற்கோ காத்திருக்கிறாள், அது வராததால் திரும்பிப் போகிறாள்.

அவள் காத்திருப்பது அவன் சத்தத்துக்கு.

இவன் அவளைப் பார்த்து அழுத்துகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அவளோ இவன் அழுத்துவதைக் கேட்டுப் பாய்ந்துகொண்டிருந்தாள். எந்த வருடத்தில் அது தொடங்கிற்றோ தெரியாது. டக் என்றால் சரி, இப்போது, போ என்று அவள் உடம்பு எப்போதோ பழகிவிட்டது. அவளுக்கே தெரியாமல் பழகிவிட்டது. எதிரே ரிட்சுகோவும் அசையாமல் நின்றாள், அவள் காத்திருந்ததும் அதே சத்தத்துக்கு. மூன்று பேரும் ஒரே கயிற்றில் கட்டுண்டு கிடந்தார்கள், கயிற்றின் நுனி இவன் கையில். இழுத்தால் சிசுரு தோற்பாள். விட்டால் சிசுரு நின்ற இடத்திலேயே களைத்து விழுவாள். அவள் மற்றவளைவிட வயதில் மூத்தவள், தோள்கள் ஏற்கெனவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. மாடியில் முணுமுணுப்புக் கிளம்பியது. யசுமாசாவுக்கு அழுகை வந்தது. எரிச்சலும் வந்தது, தன் மேல், அவள் மேல், அந்தப் பாழாய்ப்போன நாடாக் கட்டத்தின் மேல்.

சிசுருவின் முதுகில் இருந்த சிவப்பு நாடா அவிழ்ந்து தொங்கியது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். நாடாவைக் கட்டிவிட ஆள் வரும்வரை அவள் களத்தின் ஓரத்தில், இவன் பக்கம் முகம் வைத்து மண்டியிட்டாள். கம்பிகளுக்குப் பின்னால் கண்கள் இவனைத் தேடின. என்ன ஆச்சு என்று கேட்கிற கண்கள். பேச முடியாது, சைகை காட்டக் கூடாது. யசுமாசா கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றினான். லென்ஸுக்கு மூடி போட்டான். அதைத் தரையில் வைத்து, கட்டத்துக்கு வெளியே, கை எட்டாத தூரத்துக்குத் தள்ளினான். அவள் கேமராவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு அவன் வெறுமனே உட்கார்ந்திருந்தான். அவள் முகம் மாறியது. ஏதோ புரிந்த முகமா, கோபித்த முகமா என்று கம்பிகளுக்கு இடையில் தெரியவில்லை.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. யசுமாசா குதிகாலைப் பார்த்தான். வேறு எதையும் பார்க்க அவனுக்குத் தெரியாது. இறங்கும், இந்தத் தடவை சத்தம் வராது என்று தெரிந்தே இறங்கும், பார்க்கலாம் என்று காத்திருந்தான். குதிகால் இறங்கவில்லை. கொஞ்சம்கூட இறங்கவில்லை. இறங்காமலேயே அந்தப் பாதம் அவன் கண் முன்னாலிருந்து காணாமல் போயிற்று.

"மென்!" தலையில் அடிக்கிறபோது கூவுகிற சொல், சிசுருவின் குரல்.

அவன் தலையை நிமிர்த்தியபோது எல்லாம் முடிந்திருந்தது. சிசுரு ரிட்சுகோவைக் கடந்து அந்தப் பக்கம் போய்த் திரும்பி வாளை நீட்டிக்கொண்டு நின்றாள். மூன்று சிவப்புக் கொடிகள். கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. ஜெயித்தவள் சிரிக்கக் கூடாது. முஷ்டியை உயர்த்தினால் போட்ட அடியை நடுவர்கள் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். சிசுரு கல் மாதிரி நடந்து வந்து குந்தி, வாளைத் தாழ்த்தி, வணங்கினாள். யசுமாசா தொண்டையில் வந்த கத்தலை விழுங்கினான். விழுங்கியதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

முடிவு அறிவித்ததும் அவன் கால் மரத்துப்போய் எழ முடியாமல் தவித்துக்கொண்டிருக்கையில் ரிட்சுகோ முகமூடியைக் கழற்றிவிட்டு வியர்வை சொட்ட எதிரே வந்து நின்றாள்.

"என்ன உரகாவா, கேமரா ரிப்பேரா?"

இல்லை என்றான்.

அவள் கீழே கிடந்த கேமராவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தச் சிரித்த முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்தது. "அடிக்கிற நேரம் எனக்குத் தானாத் தோணுதுன்னு நெனச்சுட்டு இருந்தேன். என் காது சோம்பேறியாப் போயிருக்கு" என்று சொல்லிவிட்டு, முறைப்படி தலை குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். நோஜிரி அப்படி விடவில்லை. இத்தனை வருடத்தில் பெண்டாட்டி படம் ஒன்றுகூடத் தவறாதவன், அவள் ஜெயித்த அன்றைக்குப் பார்த்துக் கேமராவைத் தரையில் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாயா, ஆண்டு மலரில் என் மூஞ்சியைப் போடுவதா என்று எகிறினார். அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நின்றான்.

திரும்பும் வழியில் காரை அவன் ஓட்டினான். குமா ஆறு மழையில் பழுப்பாகப் புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. சிசுரு ஒரு பொட்டலம் சர்க்கரைவள்ளி உருண்டையைப் பிரித்து ஒன்றைத் தின்றாள், இவன் வாயில் ஒன்றைத் திணித்தாள். சந்தோஷத்தில் அவள் முகம் பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி ஆகியிருந்தது. அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். குதிகால், சத்தம், மூன்று வருடம், நோஜிரியின் அட்டைப் படத்துக்காக அழுத்தியது, எதையும் மறைக்கவில்லை. அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"அந்த விலா அடி உங்களுது இல்ல, சீனியர். நான் போட்டுக் குடுத்தது" என்றான்.

"மூணு வருஷம் ரிட்சுகோ உன் சத்தத்த எடுத்துக்கிட்டாங்க. இன்னிக்கு ஒரு தடவ நான் எடுத்துக்கிட்டேன். அதத் திரும்ப என்கிட்ட சொல்லாத." போலீஸ்காரிக் குரல். அப்புறம் குரல் இறங்கியது. "கடைசி அடி எப்படி இருந்துச்சு? நீ கேமராவக் கையில எடுத்தப்புறம், அது இல்லாம பாத்த முத அடி அதானே."

"பாக்கல. குதிகாலப் பாத்துட்டு இருந்தேன். கோட்டை விட்டுட்டேன்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் சிரித்தான். கார் கொஞ்சம் தள்ளாடியது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அப்ப, நான் அடிக்கப் போறது உனக்குத் தெரியல."

"தெரியல."

"நீ சத்தம் குடுக்காம உக்காந்திருந்தியே, அப்ப என் கால் வரவே மாட்டேன்னுடுச்சு. நான் யாரு, நீ யாருன்னு எனக்குக் கொழம்பிப் போச்சு. அவ்வளவு பயம் எனக்கு எந்த ஆட்டத்துலயும் வந்ததில்ல." துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "தேசியப் போட்டிக்கு நீ வராத."

"கேமரா இல்லாம வரேன். மாடியில உக்காந்துக்கறேன்."

"மாடியில இருந்தாலும் நான் உன்னத்தான் கேட்டுட்டு நிப்பேன். வராத. என்னைக் கொஞ்ச நாள் விட்டுடு. நீ கடையப் பாத்துக்கோ."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். சொல்லும்போது கை அவன் தோள் மேல் இருந்தது. அவள் சொல்வது அத்தனையும் சரி என்று அவனுக்குத் தெரிந்தது, அதுதான் வலித்தது. கோபித்துக்கொள்ளக்கூட இடம் இல்லை. கேமராவைத் தரையில் தள்ளியபோது அவளுக்காகத் தள்ளினோம் என்று நினைத்தான். தன்னையும் சேர்த்துத் தள்ளிவிட்டோம் என்பது இப்போதுதான் தெரிந்தது. "சரி, சீனியர்" என்றான்.

தேசியப் போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் கொளுத்தியது. யசுமாசா கடையைத் திறந்தான், பெருக்கினான், மாமனார் போட்டு வைத்த இடத்திலேயே நாற்காலிகளைத் துடைத்து வைத்தான். நோஜிரி இரண்டு பஸ் நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு முதல் நாளே போயிருந்தார். சிசுரு எத்தனையாவது ஆட்டம், எத்தனை மணிக்கு என்று யசுமாசா கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் அந்த நேரத்தில் உட்கார முடியாது. கடிகாரத்தைக்கூட சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டான்.

முற்பகலில் டாக்ஸிக்காரர் ஒருவர் லைசென்ஸ் படத்துக்கு வந்தார். வழுக்கைத் தலை, பேச்சு நிறைய. உங்கள் வீட்டு அம்மா இன்றைக்கு ஆடுகிறாராமே, நீங்கள் போகவில்லையா, கடை என்ன ஓடியா போய்விடும் என்று கேட்டுக்கொண்டே கண்ணாடி முன் நின்று இருக்கிற நாலு முடியைச் சீவினார். யசுமாசா முக்காலியை நேராக்கினான், பின்னால் நீலத் துணியை இழுத்துவிட்டான், விளக்கைப் போட்டான். கேமராவின் துளையில் கண்ணை வைத்தான். துளைக்குள் வெறும் முக்காலி, நீலத் துணி. கண்ணாடிப் பக்கம் அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். யசுமாசா காத்திருந்தான். அங்கே இல்லாத ஒரு குதிகால் மயிரிழை இறங்கியது மாதிரி இருந்தது. விரல் இறங்கியது.

டக்.

டாக்ஸிக்காரர் சீப்பும் கையுமாகத் திரும்பினார். "எடுத்துட்டீங்களா? நான் இன்னும் உக்காரவே இல்லையே."

அவள் அடித்தாளா, அடி வாங்கினாளா, இன்னும் களத்துக்கே வரவில்லையா என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. திரையில் முக்காலி தெரிந்தது, துல்லியமாக, துளி நடுக்கம் இல்லாமல்.

"மன்னிச்சுக்கோங்க" என்றான் யசுமாசா. "உக்காருங்க. இன்னொண்ணு எடுத்துடலாம்."